கல்யாணப் புடவை தறியில் இருக்கும்போது அப்டேட் இல்லை

சேவூர் சுலோச்சனா அம்மா காலை ஒன்பது மணிக்குள் மூன்று முறை போன் செய்தால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது. அன்று நான்கு முறை செய்தார்.

ஆரணியில் எங்கள் சிறிய கம்பெனி, தறிக்கு மேலே இருக்கும் எலக்ட்ரானிக் ஜக்கார்டு பெட்டிக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறது. அந்தப் பெட்டிதான் டிசைனை வரிவரியாகப் படித்து எந்த இழை எழும்ப வேண்டும் என்று சொல்லும். எங்களிடம் இரண்டு பதிப்புகள். புதுப் பதிப்பில் மாதந்தோறும் ஏதாவது சேர்ப்பார்கள். நிலையான பதிப்பு என் பொறுப்பு. மூன்று வருடத்துக்கு அதில் பிழை திருத்துவோமே தவிர எதையும் சேர்க்க மாட்டோம். சுலோச்சனா அம்மாவின் ஆறு தறிகளும் அதில்தான் ஓடுகின்றன.

"சார், புதுசுல எவ்ளோ நெய்ஞ்சிருக்குன்னு போட்டோவோட போனுக்கே போவுதாமே? எனக்கும் அந்த ஃபீச்சரைப் போட்டுக் குடுங்க. கல்யாணப் பொண்ணோட அம்மா மெட்ராஸ்லர்ந்து போன் மேல போன். ஒரே பேஜாரு."

"அந்தப் புடவை இப்ப தறியிலயா இருக்கு?"

"ஆமா, பாதி ஆயிடுச்சி."

"அப்ப முடியட்டும்மா. பாதியில பெட்டியைத் தொட மாட்டேன்."

"வேற கம்பெனிக்காரன் வாசல்லயே நின்னுகினு இருக்கான். தெரியுமில்ல?"

தெரியும். முதலாளி தீபனுக்கும் தெரியும். என் மகன் வயதுதான், நல்ல பையன், அவசரக்காரன்.

"சார், இந்த ஆறு தறி போச்சுன்னா அந்தத் தெருவே போயிடும். ஒரே ஒரு ஃபீச்சர்தானே? போட்டுடுங்களேன்" என்றார் தீபன்.

ஆபீஸில் எங்களுக்கு ஒரு சோதனைத் தறி உண்டு. போட்டோ அனுப்பும் இந்தப் புதுப் பதிப்பு அதில் ஏறி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. கரண்ட் போய் வந்தால் விட்ட வரியிலேயே தொடங்குகிறதா என்று நான் எண்ணிப் பார்த்தது ஆறே தடவை. எனக்கு அது போதாது. ஒரு வரி பிசகினால் பார்டரில் மயிலின் கழுத்து ஒடிந்த மாதிரி தெரியும். பிரித்து நெய்தால் பட்டு நைந்துவிடும். முகூர்த்தமும் காத்திருக்காது.

"தம்பி, அவங்களுக்கு வேண்டியது போட்டோதானே? நான் அனுப்பறேன்."

"நீங்களா சார்?"

"நானேதான்."

மறுநாளிலிருந்து மாலையில் டவுன் பஸ் ஏறி சேவூர் போனேன். டேப் வைத்து அளந்து, இரண்டு போட்டோ எடுத்து, 'இன்று பதினோரு அங்குலம்' என்று எழுதி மெட்ராஸுக்கு அனுப்பினேன். சுலோச்சனா அம்மா முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்றாம் நாள் தறியில் உட்கார்ந்திருந்த தன் கொழுந்தனாரிடம், "எழுந்திரு, நம்ம ஃபீச்சரு வந்துட்டாரு, அளக்கட்டும்" என்றார். அன்று டீயும் வந்தது.

பெண்ணின் அம்மாவுக்குச் சந்தேகம் தீராது.

"அங்கிள், நேத்துக்கு இன்னைக்கு மயில் கொஞ்சம் இளைச்சாப்ல இருக்கே?"

"போட்டோதான் கோணல்மா. மயில் நல்லாத்தான் சாப்பிடுது."

பத்தாவது மாலை புடவை தறியிலிருந்து இறங்கியது. பார்டரை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை இரண்டு முறை பார்த்தேன். ஒரு மயிலும் பிசகவில்லை.

"பாத்தீங்களா?" என்றார் சுலோச்சனா அம்மா. "நடுவுல நாலு வாட்டி கரண்ட் போச்சு. ஒண்ணுமே ஆவல. இதுக்கா என்கிட்ட அவ்ளோ பிகு பண்ணீங்க?"

அந்த வாரம்தான் எங்கள் சோதனைத் தறியில், பதினான்காவது தடவை கரண்டை நிறுத்திப் போட்டபோது, புதுப் பதிப்பு இரண்டு வரி தள்ளித் தொடங்கியிருந்தது. தீபன் பக்கத்தில் நின்று பார்த்தார். "சேவூருக்கு இன்னைக்கு பஸ் வேணாம் சார், நான் வண்டியில விடறேன்" என்றார்.

அதையெல்லாம் சுலோச்சனா அம்மாவிடம் சொல்லவில்லை. "ஆமாம்மா, ஒண்ணும் ஆவல" என்றேன்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான். நிலையான பதிப்பைப் பார்த்துக்கொள்பவரை யாரும் கூப்பிட்டுப் பாராட்ட மாட்டார்கள். 'ஒண்ணும் ஆவல' என்று வாடிக்கையாளர் அலுத்துக்கொண்டால், அதுவே பாராட்டு. வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

பிழையைத் திருத்திய பிறகு, சுலோச்சனா அம்மாவின் ஆறு தறிகளில் அப்போது காலியாக இருந்த ஒன்றில் புதுப் பதிப்பை ஏற்றிக் கொடுத்தோம். இப்போது போட்டோ தானாகப் போகிறது. அந்த மெட்ராஸ் அம்மாவின் தங்கை மகளுக்கு அதில்தான் புடவை ஓடுகிறது. நேற்று சுலோச்சனா அம்மா போன் செய்தார்.

"சார், மெஷின் அனுப்பற போட்டோ வேணாமாம். அந்த அங்கிளையே அனுப்பச் சொல்லு, அவருதான் கேட்டா பதில் சொல்றாருன்னு சொல்றாங்க. சாயங்காலம் வர்றீங்களா?"