எனக்கும் சேர்த்து அவர் போட்ட கையெழுத்து

சவரிமுத்து சார் இறந்த செய்தியை அவருடைய மகன்தான் போனில் சொன்னான். "மாமா, அப்பா போயிட்டாங்க. ஒங்களுக்குத்தான் மொதல்ல சொல்லணும்னு அம்மா சொன்னாங்க." போனை வைத்துவிட்டு, அழுகை வரும் என்று உட்கார்ந்திருந்தேன். கோபம்தான் வந்தது. ஏழு வருடமாக நான் எதிர்பார்த்த ஒரு சொல்லைச் சொல்லாமலேயே மனிதர் போய்விட்டார்.

ஞாயிறுதோறும் அவரோடு சிறுமலை ஏறிய உங்களுக்கு அவரைத் தெரியும். எனக்கு அதற்கு முன்பிருந்தே தெரியும். திண்டுக்கல்லில் ஒரே அலுவலகத்தில் பக்கத்து மேஜை. என் பஸ் தாமதமானால் வருகைப் பதிவேட்டில் எனக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுவார். என் கையெழுத்து என்னைவிட அவருக்கு நன்றாக வரும். அதற்காக நான் அவருக்கு எத்தனை டீ வாங்கிக் கொடுத்திருப்பேன்!

மலைக்கு என்னை இழுத்ததும் அவர்தான். சனிக்கிழமை சாயங்காலமே சர்ச்சில் பூசை பார்த்துவிட்டு, ஞாயிறு முதல் பஸ்ஸுக்கு வந்து நிற்பார். காட்டுக்குள் மூன்று மணி நேரம் ஏறினால் உச்சியில் காவல் கோபுரம். அங்கே தகரப் பெட்டியில் அவர் வைத்த நோட்டு இருக்கும். ஏறி வந்தவர்கள் பெயரும் நேரமும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வழியில் மூச்சு வாங்கி உட்கார்ந்தால் விடமாட்டார். "பாதி மலை ஏறுனவன் மலை ஏறுனவன் இல்ல அப்பு. எந்திரி."

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு தை மாத ஞாயிறு. நாங்கள் இருவர் மட்டும்தான். கோபுரத்துக்கு அரை மணி நேரம் இருக்கையில் ஈரப் பாறையில் என் கால் மடங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவருக்கும் கேட்டது. தன் துண்டால் கணுக்காலை இறுக்கிக் கட்டினார். தண்ணீரையும் எலுமிச்சைச் சோற்றையும் பக்கத்தில் வைத்தார். "செத்த நேரம் பல்லக் கடிச்சுக்க. கீழ போயி ஆளக் கூட்டிட்டு வாரேன்" என்று இறங்கி, வளைவில் மறைந்தார்.

பக்கத்து மலைக் கிராமத்துக்குப் போக ஒரு மணி, வர ஒரு மணி. அவர் மூன்று மணி நேரம் கழித்து நான்கு பேரோடும் ஒரு கயிற்றுக் கட்டிலோடும் வந்தார். என்னைப் பார்த்ததும் அழுதார். மருத்துவமனையில் டாக்டர், "ஒரு மணி நேரம் முன்னாடி கொண்டாந்திருந்தா இம்புட்டு வீங்கியிருக்காது" என்றார். சார் தலையைக் குனிந்துகொண்டார். பார்க்க வந்த எல்லோரிடமும் அவரைக் கடவுள் என்றே சொன்னேன்.

ஒரு வருடம் கழித்துக் கம்பு ஊன்றி மறுபடி ஏறினேன். கோபுரத்தில் நோட்டைச் சும்மா பின்னோக்கிப் புரட்டினேன். அந்த ஞாயிறு. சவரிமுத்து, ஒன்பது ஐம்பது. அடுத்த வரியில் என் பெயர், என் கையெழுத்து, அதே ஒன்பது ஐம்பது. நான் பாறையில் கிடந்த நேரம் அது. வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து கோபுரத்துக்கு ஒரு குறுக்குத் தடம் உண்டு என்பது அப்போதுதான் உறைத்தது.

நோட்டை அவரிடம் நீட்டினேன். "வாரம் விட்டுப்போயிரும்ல அப்பு. ஒனக்கும் சேத்துத்தான போட்டேன்" என்றார். எனக்கு ஏதோ நல்லது செய்த முகத்தோடு சொன்னார்.

அன்று இறங்கியதோடு சரி. அலுவலகத்தில் மேஜையை மாற்றிக்கொண்டேன். கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டுப் பலகாரம் மட்டும் வருடம் தவறாமல் வந்தது. அதைத் திருப்பி அனுப்ப எனக்கு ரோஷம் போதவில்லை. ஏன் மலைக்கு வருவதில்லை என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் கால் வலி என்றேன். நம்பியவன் கைவிட்டான் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.

கோபுரத்தடியில் அவருக்குக் கல் வைத்து, 'ஒரு ஞாயிறும் தவறாதவர்' என்று பொறிக்கப் போகிறீர்களாம். பொறியுங்கள், பொய்யில்லை. அதில் ஒரு ஞாயிறு என் காலை வைத்து வாங்கியது என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

நொண்டுவது எனக்குப் பழகிவிட்டது. "தப்புதான் அப்பு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், "விடுங்க சார்" என்று அந்த இடத்திலேயே சொல்லியிருப்பேன். கல்லறையில் ஒரு பிடி மண் போடும்போதாவது சொல்லிவிடலாம் என்று போனேன். வாய் வரவில்லை. அவருக்கென்று வைத்திருந்த அந்த இரண்டு சொல் இன்னும் என்னிடமே இருக்கிறது.