அப்பா விழிக்கும் நேரம்

காலை ஏழு மணி பத்து நிமிடம். வாசல் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது அக்காவின் பெட்டி. காய்கறித் தோட்டங்களில் கூரைக்குப் போடும் பிளாஸ்டிக்கால் அதை மூடி, கயிறு கட்டி, படியோரம் வைத்திருந்தார் மாமா. எதிர்ச் சரிவில் தேயிலை பாதிவரைதான் தெரிந்தது. அதற்கு மேல் பனி. வேன் என்ஜின் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தது.

விமானம் இரவு ஒன்பது மணிக்கு.

அக்கா அயர்லாந்தில் தாதி. அப்பாவுக்குப் பக்கவாதம் என்று கேட்டு இரண்டு வார விடுப்பில் வந்திருந்தார். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருடத்துக்கு மேல் இரவு ஷிப்டு பார்த்தவர். வேலை போய்ப் பல வருடமாகியும் அந்த உடம்பு காலையில்தான் தூங்கும். பதினொரு மணிவாக்கில் விழிப்பார். அதன் பிறகு ஒரு மணி நேரம்போல ஆட்களைத் தெரியும், ஒன்றிரண்டு வாக்கியம் பேசுவார். பிறகு மறுபடியும் மங்கிவிடும். முந்தின நாள் பேசியது மறுநாள் நினைவில் இருக்காது. அந்த இரண்டு வாரமும் தினம் ஒருமுறை, "எப்பம்மா வந்தே?" என்று அக்காவிடம் கேட்டார். அவரும் தினம் ஒருமுறை, "இப்பத்தாம்பா" என்றார்.

ஆகவே, போய் வருகிறேன் என்பதைப் போகிற அன்றுதான் சொல்ல முடியும், பதினொரு மணிக்கு மேல்தான் சொல்ல முடியும். அம்மா இறந்தபோது அவரிடம் அதைச் சொல்ல அக்காவுக்கு வாய்க்கவில்லை. அக்கா வந்து இறங்கியபோது சவப்பெட்டியை மூடியிருந்தார்கள்.

எத்தனை மணிக்குக் கிளம்புவது என்ற பேச்சு முந்தின மாலை அடுப்படியில் நடந்தது. மாமா மலைமேல் திரிங்காப்பிலிருந்து கீழே கோலாலம்பூர் மொத்தச் சந்தைக்குக் காய்கறி லோரி ஓட்டுபவர். சாலை விஷயத்தில் எங்கள் வீட்டில் அவர் சொல்வதுதான் கடைசி.

"எட்டு மணிக்கு வண்டிய எடுத்துரணும்."

"மாமா, எட்டு மணிக்கா? ஃபிளைட் ராத்திரி."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை, ஸ்கூல் லீவு வேற. மேல வந்த கேஎல்காரன் அத்தன பேரும் பத்து மணிக்கு மேல எறங்குவான். எறங்குற தாபா ரோடு ஜாம் ஆனா முடிஞ்சுச்சு லா. ஸ்ட்ராபெரிப் பையோட நடு ரோட்டுல ஒக்காந்துருக்க வேண்டியதுதான்."

"பன்னெண்டு மணிக்குப் போனா?"

"கோசு வாடுனா மொதலாளி என்னத் திட்டுவாரு. நீ வாடுனா யாரு திட்டுவா? போலாம்."

அக்கா சிரித்தார், ஆனால் விடவில்லை. என்னைப் பார்த்தார். பத்திரிகை அச்சுக்குப் போகும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணிப் பழகியவன் நான். வழக்கமான நாளில் சிப்பாங் விமான நிலையம் போக ஐந்து மணி நேரம். பன்னிரண்டுக்குக் கிளம்பினால் ஐந்து மணி. நெரிசல் இருந்தால் ஏழோ எட்டோ என்றேன். எங்கள் மூவருக்கும் ஒரே சம்பவம்தான் நினைவில் இருந்தது. அம்மாவின் அடக்கம் முடிந்து அக்கா திரும்பிய அன்று ரிங்லெட்டுக்குக் கீழே மண் சரிந்து சாலை அடைத்தது. விமானம் போய்விட்டது. வார்டில் எழுத்து மூலம் எச்சரிக்கை கொடுத்தார்கள். இன்னொரு முறை அப்படியானால் வேலை நிலைக்காது என்று அவரே சொல்லியிருந்தார்.

அடுப்பில் கஞ்சி கொதித்தது. அக்கா எழுந்து தீயைக் குறைத்தார். "எட்டு மணிக்கே போலாம் மாமா," என்றார்.

காலையில் அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். மாமாவின் மனைவி, எங்கள் அத்தைதான், அவரைப் பார்த்துக்கொள்பவர். அக்கா குனிந்து, "எழுப்பவா அத்த?" என்றார்.

"வேணாம்மா. தூக்கத்துல எழுப்புனா மெரண்டு போயி அழுவாரு. அப்பறம் இன்னிக்கிப் பூரா யாரையும் தெரியாது."

அக்கா போர்வைக்கு மேலாக அவர் பாதத்தில் கை வைத்து ஜெபித்தார். மாமா தொப்பியைக் கழற்றிக்கொண்டு வாசலில் நின்றார். அப்பாவின் மூச்சு சீராக இருந்தது.

சாலை காலியாக இருந்தது. தாபாவில் நெடுஞ்சாலை ஏறும்போது மணி பத்துகூட ஆகவில்லை. மாமா முதலில் அதைப் பெருமையாகச் சொன்னார். பிறகு சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

தஞ்சோங் மாலிம் தாண்டி ஓய்விடத்தில் தேநீர் குடிக்கும்போது அத்தை வீடியோவில் அழைத்தார். அப்பா விழித்திருந்தார். தலையணையில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். "பெரியவ எங்க?" என்று அவர் கேட்டது தெளிவாகவே கேட்டது.

"இந்தா, இதுல தெரியுறா பாருங்கண்ணே."

அப்பா கைப்பேசியைப் பார்க்கவில்லை. அதைத் தாண்டி அறைக் கதவைப் பார்த்தார்.

"அப்பா, நான் போய்ட்டு வரேன்ப்பா," என்றார் அக்கா. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக இன்னொரு முறையும் சொன்னார்.

அப்பா அத்தையிடம் பேசினார். "வெளிய போயிருக்கா போல. வந்தோன்ன சாப்புடச் சொல்லு. கஞ்சிய மூடி வையி."

படம் ஆடியது, பிறகு நின்றுவிட்டது. அக்கா திரும்ப அழைத்தபோது அத்தை எடுத்து, படுத்துவிட்டார் என்றார்.

சிப்பாங்கில் நாங்கள் இறங்கியபோது ஒரு மணி கடந்து சில நிமிடங்கள். அக்காவின் விமானத்துக்குக் கவுண்டர் ஆறு மணிக்குத்தான் திறக்கும் என்று அங்கிருந்த பெண் சொன்னார். மூன்று பேரும் தூணோரம் வரிசை நாற்காலிகளில் உட்கார்ந்தோம். பெட்டியைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கை மாமா அவிழ்த்தார், நான்காக மடித்தார், மடிப்பு சரியில்லை என்று பிரித்து மறுபடியும் மடித்தார். எழுந்து போய் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்கள் வாங்கி வந்தார். அக்கா பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டார், பிரிக்கவில்லை.

"கொஞ்சம் வெள்ளனயே வந்துட்டோம் புள்ள," என்றார் மாமா.

"பரவால்ல மாமா. ரோடு எப்படி இருக்கும்னு யாருக்குத் தெரியும்?"

ஐந்தரைக்கு மேல் அறிவிப்புப் பலகையில் அக்காவின் விமானம் இருந்த வரி 'தாமதம்' என்று மாறியது. அது அன்று இரவு பதினொன்று ஐம்பதுக்குப் புறப்பட்டது.