சோதனைக்குக் கொடுத்த தண்ணீர்

எங்கள் குப்பத்தில் வீட்டுக்கு வீடு இரண்டு தண்ணீர் இருந்தது. அடிபம்பில் வருவது உப்புக் கரிக்கும்; அது எங்களுக்கு. பழவேற்காட்டிலிருந்து ஆட்டோவில் வரும் கேன் தண்ணீர், கடலுக்குப் போகும் நைனாவுக்கும் வாசலேறி வரும் விருந்தாளிகளுக்கும். அதை நாங்கள் தொட்டால் முதுகில் ஒன்று விழும்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. அம்மாவுக்குச் சிறுநீரகத்தில் கல். வலி வந்தால் மீன் கூடையை அப்படியே போட்டுவிட்டுச் சுருண்டு படுத்துவிடுவாள். உப்புத் தண்ணீரை விட்டுவிட்டு நல்ல தண்ணீராக நிறையக் குடிக்கச் சொன்னார்கள் ஆஸ்பத்திரியில். அங்கே பலமாகத் தலையாட்டிய அம்மா, வீட்டுக்கு வந்து பம்புத் தண்ணீரைத்தான் குடித்தாள். அதுவும் அரை தம்ளர்.

அந்தச் சமயத்தில், தண்ணீரைச் சுத்தம் செய்யும் மெஷின் வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியது. எந்தக் குப்பத்தில் தண்ணீர் ரொம்பக் கெட்டிருக்கிறதோ அங்கேதான் முதலில் வைப்பார்களாம். ஒரு நாள் பெட்டி நிறைய பாட்டில்களோடு ஓர் அக்கா வந்தார். பம்பில் பிடிக்க மாட்டாராம். வீட்டில் குடிக்க வைத்திருப்பதைத்தான் சோதிக்க வேண்டுமாம்.

"அக்கா, நீங்க தினம் குடிக்கிற தண்ணிய இதுல ஊத்துங்க" என்று அம்மாவிடம் பாட்டிலை நீட்டினார்.

"உக்காரும்மா, இதோ எடுத்தாறேன்" என்று உள்ளே போன அம்மா, கேனைச் சரித்து ஊற்றினாள். பின்னாலேயே போன எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"இன்னாமா, நாம குடிக்கிறது கொடத்துல இல்ல கீது?"

"வாய மூடு. அவ்ளோ தூரம் வந்த பொண்ணு. அதுக்குப் போயி உப்புத் தண்ணியா குடுப்பாங்க?"

அதிகாரி வரும் நாளில் பள்ளிக்கூடத்துக்குத் துவைத்த சட்டையில் வரச் சொல்வார்களே, அதுபோல இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வாசலுக்கு வந்தால் எதிர்வீட்டிலும் கேன் சரிந்துகொண்டிருந்தது. யாரும் யாரிடமும் சொல்லிவைத்துக்கொள்ளவில்லை. தெரு முழுக்க ஒரே மரியாதை.

சில வாரம் கழித்து மெஷின் அடுத்த குப்பத்தில் போய் இறங்கியது. எங்கள் தண்ணீர் குடிக்க ஏற்றது என்று சோதனையில் வந்துவிட்டதாம். நைனா பம்பை அடித்து ஒரு வாய் குடித்துப் பார்த்துத் துப்பினார். ஆண்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். பெண்கள் அன்றைக்கென்று மீன் காயவைப்பதில் ரொம்ப மும்முரமாக இருந்தார்கள்.

எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. நாக்குக்குக் கரிக்கிறது, சோதனையோ நல்ல தண்ணீர் என்கிறது. பாட்டிலுக்குள் போனது கேன் தண்ணீர் என்பதைக் கண்ணால் பார்த்திருந்தும், இரண்டையும் முடிச்சுப்போட எனக்கு அறிவு போதவில்லை. படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், நாக்குதான் பொய் சொல்கிறது என்று முடிவு செய்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தது. அம்மாவுக்கு வேண்டிய நல்ல தண்ணீர் எங்கள் தெருவிலேயே கிடைத்துவிட்டதே.

அடுத்த முறை வலி வந்து அம்மா பாயில் சுருண்டபோது, பம்பில் ஒரு சொம்பு பிடித்துக்கொண்டு ஓடினேன்.

"குடிமா. நல்ல தண்ணினு சொல்ட்டாங்க இல்ல."

அம்மா என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து உட்கார்ந்து, சொம்பை வாங்கி, கடைசிச் சொட்டுவரை குடித்தாள். ஏன் அழுகிறாய் என்று கேட்டேன். வலி என்றாள். வலிதான் என்று நம்பி, இன்னொரு சொம்பு கொண்டுவர ஓடினேன்.