ரொட்டி சுடுகிற கையில் ஒரு கிட்டார்

நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவன். ஆறாம் வகுப்பு வாத்தியார் என் முகத்தைப் பார்த்ததே கிடையாது. ஆனாலும் இன்றைக்கு என் பட்டறையில் இரும்பு கடைகிற ஆறு லேத் மெஷின் ஓடுகிறது. பெரிய படிப்புப் படித்த இன்ஜினியர்கள் வரைபடத்தைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்து, "ஐயா, இது வருமா?" என்று என்னிடம்தான் கேட்கிறார்கள். பெருமைக்காகத்தான் சொல்கிறேன், வேறு எதற்குச் சொல்வார்கள்? இருந்தாலும் இது என்னைப் பற்றிய எழுத்து இல்லை. என் மனைவியின் தம்பியைப் பற்றியது. என்னைப் பற்றி எழுத ஆரம்பித்தால் தாள் போதாது.

மச்சினனுக்கு நாற்பத்தாறு வயது. பேக்கரியில் அடுப்பு வேலை. காலையில் ஊர் எழுவதற்கு முன்பே போய்விட்டு மதியம் திரும்புவான். எங்கள் வீட்டு மாடி அறையில் தனிக்கட்டையாக இருக்கிறான். சட்டையை எத்தனை முறை துவைத்தாலும் காலர் மடிப்பில் மாவு இருக்கும். சூடான தட்டைத் துணி இல்லாமல் வெறுங்கையால் அடுப்பிலிருந்து உருவி எடுத்து மேசையில் வைப்பான். பார்க்கிற நமக்குத்தான் கை சுடும்.

வீட்டில் அவனுக்கு வைத்த பெயர் முக்கால். எதை எடுத்தாலும் முக்கால்வாசியில் விட்டுவிடுவான். கார் ஓட்டப் பழகினான், பின்னால் எடுக்கச் சொல்லிக்கொடுத்த அன்றோடு சரி. நீச்சல் பழகினான். சுவரை விட்டு நீந்த வேண்டிய நாளன்று ஜலதோஷம் வந்தது. ஜலதோஷம் போய்விட்டது, நீச்சல் திரும்பி வரவில்லை. மாடி அறைக்கு நீல வர்ணம் அடிக்க ஆரம்பித்து மூன்று சுவரோடு நிறுத்தினான். நாலாவது சுவர் பதினோரு வருடமாக வெறும் சிமெண்ட்.

"என் தம்பி முழுசா முடிக்கிறது சாப்பாட்டை மட்டும்தான்" என்பாள் என் மனைவி. சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி வைப்பாள்.

இப்படிப்பட்டவன் ஒரு நாள் மாவு மூட்டைச் சாக்கில் எதையோ சுற்றி, குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தான். பிரித்தால் கிட்டார். பேக்கரியின் பழைய மேற்பார்வையாளர் வேலையை விட்டுப் போகும்போது அடுப்படிச் சுவரில் ஆணியில் மாட்டிவிட்டுப் போனது. நாலு வருடம் யாரும் தொடவில்லை.

"இன்னிக்கு சும்மா ஒரு கம்பியைத் தட்டினேன் மாமா. அடுப்புச் சத்தம், தட்டுச் சத்தம் எதுவுமே கொஞ்ச நேரம் காதுல விழல. கத்துக்கப் போறேன்."

"எதுவரைக்கும்?" என்றேன்.

வழக்கமாகச் சிரிப்பான். அன்று சிரிக்கவில்லை. "கிண்டல் பண்ணுங்க, பரவால்ல. ஆனா இதான் கடைசி. இதையும் பாதியில விட்டேன்னா, இனிமே எதையும் தொடங்க மாட்டேன். பேக்கரிக்குப் போவேன், வருவேன், படுப்பேன். அவ்வளவுதான்."

அதைக் கேட்டு என் மனைவியின் முகம் மாறிவிட்டது. ஒருவன் எதையாவது தொடங்கிப் பாதியில் விடுவது வேறு, இனித் தொடங்கவே மாட்டேன் என்பது வேறு. உள்ளே வந்து என்னிடம், "ஏங்க, இந்தத் தடவை நீங்க கொஞ்சம் பாத்துக்குங்க" என்றாள். என்னிடம் பொறுப்பைக் கொடுத்தால் விடுவேனா?

சைக்கிள் கடைக்கு மேலே ஒரு அறையில் கிட்டார் வகுப்பு நடந்தது. டீச்சருக்கு இருபத்திரண்டு வயது. கூடப் படிக்கிற ஆறு பேருக்கும் வயதைக் கூட்டினால்கூட என் மச்சினன் வயதைத் தாண்டுமா என்பது சந்தேகம். அந்தக் குட்டி நாற்காலியில் முழங்கால் மார்பை முட்ட உட்கார்ந்திருப்பான். பிள்ளைகள் "ரொட்டி அங்கிள்" என்று கூப்பிடும். வகுப்புக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும், நிற்கவே இடமிருக்காது. அதனால் கிட்டாரை வீட்டிலேயே வைத்துவிட்டு, அங்கே வகுப்புக் கிட்டாரில் பழகிக்கொண்டான்.

தினமும் பத்து நிமிடம் போதும், ஆனால் ஒரு நாள்கூட விடக் கூடாது என்றாளாம் டீச்சர். கிட்டாரை உறைக்குள்ளோ கட்டிலுக்கடியிலோ வைக்காமல் கைக்கு எட்டுகிற இடத்தில் வைக்கச் சொன்னாளாம். இவன் பேக்கரியிலிருந்து ஒரு பழைய மணி கொண்டுவந்தான், பிஸ்கட் வேக நேரம் வைப்பார்களே, அது. மதியம் சாப்பிட்டு, குட்டித் தூக்கம் போட்டு எழுந்து, மணியைப் பத்து நிமிடத்துக்குத் திருகி வைத்து உட்காருவான். மணி அடிக்கும்வரை எழ மாட்டான். வேலை இடத்திலும் சும்மா இல்லை. ரொட்டியை அடுப்புக்குள் தள்ளுகிற நீளக் கட்டையின் பிடியில் பேனாவால் ஆறு கோடு போட்டு, ரொட்டி வேகிற நேரத்தில் அதன்மேல் விரலை வைத்து வைத்துப் பழகினான். கார்டு என்கிறார்களே, நாலைந்து கம்பியைச் சேர்த்து அழுத்துகிற பிடி, அதை இப்படித்தான் கையில் ஏற்றினான். கூட வேலை செய்கிறவர்கள், "கட்டை பாடுதாண்ணே?" என்று கேட்டார்களாம். "நீ ரொட்டியைப் பாரு" என்றானாம்.

ஒரு மாதம் ஆனது, மூன்று மாதம் ஆனது. வகுப்பில் நன்றாக வருகிறது என்றான். வீட்டில் எங்களுக்குக் கேட்டதோ பொட், பொட் என்று ஒரு சத்தம்.

"மேல யாரோ பலகையில ஆணி அடிக்கிறாங்க" என்பாள் மனைவி.

விரல் நுனி சிவந்து, கோடு கோடாகப் பள்ளம் விழுந்திருக்கும். சாப்பிடும்போது சோற்றில் கை வைத்தால் முகம் சுளிப்பான். இடது கைதானே வலிக்க வேண்டும் என்று கேட்காதீர்கள், அவன் இடது கைக்காரன். சாப்பிடுவது இடது கை, கிட்டாரில் கம்பி அழுத்துவதும் இடது கை.

"வலிக்குது மாமா."

"வலிக்கத்தான் செய்யும். எனக்கு வலிச்ச வலியில இது கால்வாசி கூட இல்ல" என்று ஆரம்பிப்பேன். பன்னிரண்டு வயதில் பட்டறையில் சேர்ந்தது, சூடான இரும்புச் சுருள் காலில் விழுந்தது, கட்டை விரலில் தையல் போட்டுக்கொண்டு மறுநாளே மெஷினில் நின்றது, எல்லாம் சொல்வேன். அவன் தலையை ஆட்டிக்கொண்டு கேட்பான். என் மனைவி பாத்திரத்தை வேண்டுமென்றே சத்தமாக வைப்பாள்.

"வகுப்புல வருது, வீட்ல வரல, அதான் புரியல" என்பான்.

"இதுல புரிய என்ன இருக்கு? அங்க டீச்சர் பயம். இங்க சோம்பேறித்தனம்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டேன். ஒரு நாள் அவனுக்குக் காட்டுவதற்காக நானே கிட்டாரை வாங்கி மடியில் வைத்துக் கம்பியை அழுத்தினேன். உயிர் போகிற மாதிரி வலித்தது. நாற்பத்தெட்டு வருடம் இரும்பு பிடித்த விரல் இது. "இவ்வளவுதானா? இதுக்கா?" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அவன் வாங்கி நாற்காலியில் சாய்த்து வைத்தான்.

ஐந்தாவது மாதத்தில் மாடியில் மணி அடிப்பது நின்றது. இரண்டு நாள் கழித்து வகுப்புப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினான்.

"மாமா, நீங்க பட்டறைக்கு அந்த வழியாத்தானே போவீங்க? இதை டீச்சர்கிட்ட குடுத்துருங்க. இனி வரலேன்னு சொல்லிருங்க."

"நீயே போய்ச் சொல்லு."

"பிள்ளைங்க ஏன்னு கேக்கும் மாமா. என்னால முடியாது."

கோபமாகக் கேட்டிருந்தால் நாலு வார்த்தை திட்டியிருப்பேன். கெஞ்சுகிற மாதிரி கேட்டான். வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். மனைவி அடுப்பைப் பார்த்தபடியே நின்றாள், திரும்பவே இல்லை.

சைக்கிள் கடைப் படியேறிப் போனபோது டீச்சர் தனியாக உட்கார்ந்து கிட்டார் துடைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"விடுறாரா? ஏன் ஐயா? எங்கிட்ட படிக்கிறவங்கள்ல விரலைப் பாக்காம கார்டு மாத்துனது முதல்ல அவருதான்."

"வீட்ல வரலையாம். இங்க உங்க பயத்துல வாசிக்கிறான் போல."

"என் பயமா?" அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். "போன வாரம் நான் தப்பா வாசிச்சதைக் கண்டுபிடிச்சு, 'டீச்சர், ரொட்டி தீயுது'ன்னாரு. பிள்ளைங்க எல்லாம் ஒரே கும்மாளம்."

எனக்கு என்னமோ உறுத்தியது. "அவன் எதுல வாசிப்பான்?" என்று கேட்டேன். அவள் காட்டிய கிட்டாரை எடுத்து அதே மாதிரி கம்பியை அழுத்தினேன். தொட்டவுடன் படிந்தது. வலி என்று சொல்ல ஒன்றுமில்லை.

என் பட்டறைக்குப் புதிதாக வருகிறவன் வேலையில் தடுமாறினால் நான் முதலில் பார்ப்பது அவனுடைய கருவியை. உளி மழுங்கியிருக்கிறதா, மெஷின் ஆடுகிறதா என்று பார்த்த பிறகுதான் ஆளைத் திட்டுவேன். இதை நான் ஊருக்கெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். சொந்த மச்சினனுக்கு மட்டும் அதைச் செய்யவில்லை. சூட்டுத் தட்டை வெறுங்கையில் எடுக்கிறவன் வலிக்கிறது என்றால் எங்கோ கோளாறு என்று தோன்றியிருக்க வேண்டாமா?

சட்டைப் பையில் எப்போதும் ஆறு அங்குல இரும்பு ஸ்கேல் இருக்கும். டீச்சர் வேடிக்கை பார்க்க, அந்தக் கிட்டாரின் கழுத்துக்கட்டை அதன் உடம்போடு சேருகிற இடத்துக்குப் பக்கத்தில் கம்பிக்கும் கட்டைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளந்தேன். இரண்டரை மில்லிமீட்டர். புத்தகத்தைக் கொடுக்காமலே, "அப்புறம் வர்றேம்மா" என்று வீட்டுக்கு ஓடி வந்தேன். மாடி அறையில் அவன் குப்புறப் படுத்திருந்தான். அவனுடைய கிட்டாரை எடுத்து அதே இடத்தில் அளந்தேன். ஐந்தரை. ஸ்கேலைக் கழுத்தின் மேல் நெடுக்காக நிறுத்திக் கண்ணை ஒட்டி வைத்துப் பார்த்தால் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. கட்டை வில் மாதிரி வளைந்திருந்தது.

"இது எங்கடா தொங்கிச்சு?"

"அடுப்புக்குப் பக்கத்துச் சுவர்ல."

"நாலு வருஷம் வெந்திருக்கு மாப்ள. நீ வாசிச்சது கிட்டார் இல்ல, வெந்த கட்டை."

அவன் எழுந்து உட்கார்ந்தான். கம்பி எவ்வளவு உயரமோ, அழுத்துகிற விரலுக்கு அவ்வளவு வலி என்று விளக்கிச் சொன்னேன். முழுவதும் கேட்டான். பிறகு நான் சொல்ல வேண்டியதையும் சொன்னேன். வாழ்க்கையில் மன்னிப்பு என்று யாரிடமும் கேட்டுப் பழக்கமில்லை, எப்படித் தொடங்குவது என்றே தெரியவில்லை.

"அஞ்சு மாசமா திட்டினேன்ல? அத்தனையும் வாபஸ்."

"அது பரவால்ல மாமா."

"இன்னொண்ணும் இருக்கு. அன்னிக்கு நான் அழுத்திக் காட்டினேன்ல, எனக்கும் வலிச்சுது."

"நீங்க இவ்வளவுதானான்னு சொன்னீங்களே மாமா. நான் எங்கிட்டதான் ஏதோ கோளாறுன்னு நினைச்சேன்."

"எனக்கு வலிக்குதுன்னு நான் எப்படிடா சொல்லுவேன்?"

"வாயாலதான்" என்று கீழேயிருந்து சத்தம் கொடுத்தாள் என் மனைவி. படிக்கட்டில் நின்று கேட்டிருக்கிறாள்.

டீச்சருக்குப் போன் போட்டேன். கழுத்துக்குள் ஓர் இரும்புக் கம்பி ஓடும், ஆறு மூலைச் சாவியால் திருகினால் வளைவு நிமிரும் என்றாள். "கால் சுத்துதான் ஐயா. மறுநாள் இன்னொரு கால். அவசரப்பட்டா உடைஞ்சிரும்" என்று மூன்று முறை சொன்னாள். யாரிடம் சொல்கிறாள்! ஆனாலும் சொன்னபடிதான் செய்தேன். மறுநாள் கம்பிகளைத் தாங்குகிற வெள்ளைப் பட்டையைக் கழற்றி, அடிப்பக்கத்தை உப்புத்தாளில் நிதானமாகத் தேய்த்தேன். திரும்ப மாட்டி அளந்தபோது மூன்றுக்குக் கொஞ்சம் குறைவு. இந்த ஊரில் இப்படி ஒரு வேலையை இவ்வளவு சுத்தமாக வேறு எவனும் செய்திருக்க மாட்டான். கொண்டுபோய் அவன் நாற்காலியில் சாய்த்து வைத்தேன்.

அவன் தொடவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள். எனக்குப் பொறுக்கவில்லை. என்னடா என்றேன்.

"முன்னாடி வரலேன்னா கிட்டார் கோணல். இப்ப சாக்கு இல்ல மாமா. இப்பவும் வரலேன்னா, அது நான்தான்."

அதற்கு அளவுகோல் என்னிடம் இல்லை.

நாலாம் நாள் மதியம் என் மனைவி ஒரு தட்டு நிறையப் பீன்ஸும் கத்தியும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். நான் பின்னாலேயே போய்ப் படிக்கட்டில் நின்றேன்.

"என்னக்கா?"

"கீழ உங்க மாமா பேசியே கொல்றாரு. இங்க உக்காந்து நறுக்கிக்கிறேன். நீ உன் வேலையைப் பாரு."

"எனக்கு ஒரு வேலையும் இல்ல."

"அப்ப சும்மா இரு. எனக்கென்ன?"

பீன்ஸ் நறுக்குகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் நாற்காலி நகர்ந்தது. மணி வைக்கவில்லை. ஒரு பிடி பிடித்தான். கம்பிகள் எல்லாம் ஒன்றாகக் கணீரென்று ஒலித்தன. அந்த வீட்டில் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. அடுத்த பிடி. அதில் தப்பு விழுந்தது. நிறுத்தினான். கத்தி நிற்கவில்லை. மறுபடி ஆரம்பித்தான், மறுபடி அதே இடத்தில் இடறினான். இந்த முறை நிறுத்தாமல் தப்போடு தாண்டிப் போனான். மூன்றே பிடி உள்ள பாட்டு, பிள்ளைகள் வாசிப்பது. காலால் தாளம் தட்டுவது தரைவழியாகக் கேட்டது. மெதுவாக, மாவு பிசைகிற நிதானத்தில் போய்க்கொண்டே இருந்தான். நான் ஐந்தாவது படியில் உட்கார்ந்துவிட்டேன். வாய்வரை எதுவோ வந்தது. என் கதைகளில் ஒன்றாகத்தான் இருக்கும். விழுங்கிக்கொண்டேன்.

கடைசிப் பிடியை அடித்துவிட்டு, அதன் ஒலி தானாக அடங்கும்வரை அவன் கம்பிமேல் கை வைக்கவில்லை.

"முடிஞ்சுதாடா?" என்றாள் என் மனைவி.

"ம். முடிஞ்சுது."

"நான் பீன்ஸ்ல இருந்துட்டேன். பாதியிலதான் கவனிச்சேன். முதல்லேர்ந்து இன்னொரு தடவை வாசி."

அவள் பொய் சொல்கிறாள். அவன் அந்தத் தப்பைத் தாண்டிப் போனவுடனேயே கத்தி நின்றுவிட்டது, படிக்கட்டிலிருந்த எனக்குத் தெரியும். அவன் காலால் நாலு தட்டுத் தட்டி, முதலிலிருந்து ஆரம்பித்தான்.