மயிலம்மாளின் இடது கை

பெடாஸ் ஊர்ப் பக்கம், எண்ணெய்க்குப் பயிரிடும் எங்கள் செம்பனைத் தோட்டத்தில், முகத்துக்கு எதைப் பூசலாம் என்று மயிலம்மாளைக் கேட்காத பெண் கிடையாது. ரெட்டினாலைப் பகலில் போடலாமா, நியாசினமைடும் வைட்டமின் சியும் சேருமா, பருத் தழும்பு போகுமா என்று வாட்சப்பில் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். பல வருஷம் களைக்கு மருந்தடித்துக் கையெல்லாம் வெடித்துப் போனவள் அவள். அந்த வேதனையில்தான் தோலைப் பற்றித் தேடிப் படித்தாள், பிறகு களிம்பு விற்க ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டுக்காரியான நான் 'டாக்டரம்மா' என்று கேலி செய்வேன். அவளுக்கு அதில் பெருமைதான்.

எது வந்தாலும் முதலில் தன் இடது முன்கையில் தடவிப் பார்த்த பிறகுதான் விற்பாள்.

"என் கைக்கு எரியலன்னா யாருக்கும் எரியாது லா" என்பாள்.

சில வருஷங்களாக எதுவுமே அவளுக்கு எரிந்ததில்லை. அந்தக் கையில் வெளுப்பாக ஒரு திட்டு இருந்தது. அரிப்பில்லை, வலியில்லை, தேமல்தான் என்று விட்டுவிட்டாள். அடிக்கடி கொப்புளம் வரும், அடுப்பில் பட்டிருக்கும் என்பாள். நாங்களும் தலையாட்டினோம். இத்தனை பேருக்குக் கண் இருந்து என்ன பிரயோசனம்!

எங்கள் தோட்டத்துப் புஷ்பவள்ளியின் மகள் ரதிக்கு நிச்சயம் வைத்திருந்தார்கள். கன்னத்துக் கரும்புள்ளி போக வேண்டும் என்று ரதி வந்து நின்றாள். புதிதாக வந்த ஒரு குப்பியில் 'பழ அமிலம்' என்று மட்டும் எழுதியிருந்தது, எவ்வளவு அமிலம் என்று இல்லை. வழக்கம்போல மயிலம்மாள் தன் கையில் ஒரு சொட்டு போட்டுப் பார்த்துக் கொடுத்தாள். ரதி பூசியதும் எரிந்திருக்கிறது. அக்கா போட்டுப் பார்த்ததுதானே என்று பாவி மகள் பல்லைக் கடித்துக்கொண்டு கழுவாமல் இருந்திருக்கிறாள். இரண்டு கன்னமும் வெந்துவிட்டன.

மறுநாள் புஷ்பவள்ளி வந்து வாசலில் கத்தினாள்.

"என் பொண்ணு மூஞ்சிய வேக வச்சிட்டியேடி!"

"நான் போட்டுப் பாத்துதான் குடுத்தேன். இந்தா பாரு!"

மயிலம்மாள் குப்பியைத் திறந்து முன்கையில் கொட்டினாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தோல் வெளுத்தது, ஓரமெல்லாம் சிவந்தது. அவள் கையை நீட்டியபடியே எங்கள் முகங்களைப் பார்த்தாள்.

"எரியல பாருங்க... எரியவே இல்ல."

நான்தான் மயிலம்மாளைக் குழாயடிக்கு இழுத்துப்போய்க் கையைக் கழுவினேன்.

சிரம்பான் ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளைக் கண்ணை மூடச் சொன்னார். இடது கையைப் பஞ்சால் தொடும்போது சொல்லச் சொன்னார்.

"ஆரம்பிங்க டாக்டர்" என்றாள் மயிலம்மாள்.

டாக்டர் அதற்குள் நாலைந்து தடவை தொட்டுவிட்டார்.

தொழுநோய். மருந்தில் குணமாகும், சாப்பிட ஆரம்பித்தால் பரவாது, ஆனால் போன உணர்ச்சி திரும்புவது கஷ்டம் என்றார். தோட்டத்தில் இதில் பாதிதான் காதில் ஏறியது. அவளிடம் அழகுக்கு வழி கேட்டவர்கள் அவள் வீட்டுப் பக்கமே நடப்பதில்லை. ரதியின் நிச்சயமும் நின்றுபோனது.

ஒரு நாள் மயிலம்மாள் ரதியைப் பார்க்கப் போனாள். துணைக்கு நானும் போனேன். ரதி கதவைத் திறக்கவில்லை, ஜன்னல் துணிக்குப் பின்னால் நின்றாள்.

"எரியும்னு எனக்குத் தெரியல ஆயி. சத்தியமா தெரியல" என்றாள் மயிலம்மாள்.



"எனக்குத் தெரிஞ்சிச்சிக்கா" என்றாள் ரதி. "உங்கள நம்பித்தான் கழுவாம இருந்தேன்."