மெமரிக்கு லெஃப்ட் உண்டா, ரைட் உண்டா?

கடந்த ஞாயிறு மதியம் இரண்டரை மணி. நாலு மணிக்கு என் மனைவி ஸ்டெல்லாவுக்கு இன்டர்வியூ. எங்கள் கம்ப்யூட்டரோ மூடி கழன்று டைனிங் டேபிளில் படுத்துக் கிடந்தது.

ஸ்டெல்லா கணக்கு டீச்சர். பிள்ளைகளுக்காக வேலையை விட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இப்போது ஆன்லைனில் பாடம் நடத்தும் ஒரு நிறுவனம் கூப்பிட்டிருந்தது. வீடியோவில் பேசிக்கொண்டே திரையில் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஒத்திகை பார்த்தோம். வீடியோவையும் கணக்குப் போடும் பக்கத்தையும் சேர்த்துத் திறந்ததும் கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிட்டது. திரையில் ஸ்டெல்லா, வாயைத் திறந்தபடி ஐந்து நிமிஷம்...

"இந்த மூஞ்சியப் பாத்துட்டு எவன் வேலை குடுப்பான்?" என்றாள். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. எனக்கும் கஷ்டமாக இருந்தது.

மெமரி போதவில்லை, இன்னொரு ராம் கார்டு போட்டால் சரியாகும் என்றார் வேலூர் கடைக்காரர். வாங்கினேன். "மாட்டறதுக்கு ஆள் அனுப்பட்டுமா?" என்றும் கேட்டார். வேண்டாம் என்றேன். இம்தியாஸ் இருக்கும்போது ஆள் எதற்கு?

இம்தியாஸ் என் காலேஜ் நண்பன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் இருபது வருஷமாக குவாலிட்டி செக்கிங். ஜோடி ஜோடியாகத் தூக்கிப் பார்த்து, தையலும் நிறமும் ஒத்துப்போகிறதா என்று சொல்வதுதான் வேலை. கம்ப்யூட்டருக்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? அவனிடம் நல்ல ஸ்க்ரூ டிரைவர் செட் இருக்கிறது — போதாதா?

புதுக் கார்டைப் பழைய கார்டின் பக்கத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தான்.

"கலர் ஓகே. சைஸ் ஓகே. ஆனா தோஸ்த், கீழ இருக்கிற வெட்டைப் பாரு. நடுவுல இல்ல, ஒரு பக்கமா ஒதுங்கி இருக்குது."

"அதுக்கு இன்னா?"

"இன்னாவா? லெஃப்ட்டு, ரைட்டுப்பா! பழசு லெஃப்ட்டு. புதுச திருப்பிப் போட்டாதான் ஜோடி."

சொன்னால் வெட்கம்... எனக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது.

திருப்பி வைத்தான். இறங்கவில்லை. அழுத்தினான்.

"டைட்டா இருக்குதேடா?"

"புது ஷூ மொதல்ல டைட்டாதான் இருக்கும். போகப் போக லூஸாய்டும்."

நான் டேபிளைப் பிடித்துக்கொள்ள, அவன் இரண்டு கட்டை விரலாலும் அழுத்தினான். ஸ்விட்சைப் போட்டோம். பீப்... பீப்... பீப்... திரை இருட்டாகவே இருந்தது.

மணி மூன்றே கால். இஸ்திரி போட்ட புடவையில் ஸ்டெல்லா வந்து நின்றாள். இருட்டுத் திரையையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். அதுதான் பயமாக இருந்தது.

"கொஞ்சம் பேஜாராய்டுச்சு, தங்கச்சி" என்றான் இம்தியாஸ்.

அவள் ஸ்விட்சை அணைத்தாள். பிளக்கைப் பிடுங்கினாள். புதுக் கார்டை உருவி எடுத்துவிட்டு, குனிந்து உள்ளே பார்த்தாள்.

"பாய், இங்க ஒரு சின்ன மேடு இருக்குது பாருங்க. வெட்டு இதுலதான் உக்காரணும். ரெண்டு ஸ்லாட்லயும் மேடு ஒரே பக்கம்தானே இருக்குது? அப்ப ரெண்டு கார்டும் ஒரே கால்தான்."

"ஒரே காலா!" இம்தியாஸுக்கு முகம் வெளுத்துவிட்டது. அப்படி ஒரு ஜோடியை அவன் வாழ்நாளில் பாஸ் பண்ணியதில்லை.

கார்டை நேராகத் திருப்பி வைத்து, லேசாக அழுத்தினாள். 'டிக்' என்றது. பிளக்கை மாட்டி ஸ்விட்சைப் போட்டாள். நல்ல வேளை, எதுவும் கெட்டுப்போகவில்லை, திரை வெளிச்சமானது.

நாலு மணிக்கு அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். கழற்றிவிட்ட செருப்பு மாதிரி நாங்கள் இருவரும் வெளியே கிடந்தோம். உள்ளிருந்து ஒரு கேள்வி கேட்டது: "சிஸ்டம்ல பிரச்சினை வந்தா சமாளிப்பீங்களா, மேடம்?"

ஸ்டெல்லா சிரித்தாள். "இப்பதான் ஒண்ணு சமாளிச்சுட்டு வர்றேன், சார்."

பேசி முடிந்ததுமே வேலை கிடைத்துவிட்டது! இம்தியாஸுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

அவனை மட்டும் குற்றம் சொல்வானேன்? தெரிந்த வேலையை வைத்துத்தானே தெரியாத உலகத்தை நாம் எல்லோருமே அளக்கிறோம்? இதைத் தத்துவமாக அவளிடம் சொல்லலாம் என்று போனேன். அக்காவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஹெல்ப்புக்கா? ரெண்டு பேர் இருந்தாங்கக்கா... ரெண்டும் ஒரே கால்!"