பெண்கள் நேரமும் வாத்து இறகும்

பேட்மிண்டன் அரங்கில் வேலை என்றால் நாள் முழுக்க விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். வாத்து இறகுக்குப் பணிவிடை செய்வதுதான் வேலை. திருத்தணியில் ஓர் உள்ளரங்கத்தை இந்தப் பல்கலைக்கழக விடுமுறை முழுக்க நான் மேற்பார்வை பார்க்கிறேன். லீவில் வேலைக்குப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்கு இனி சொல்லப்போவது புரியும்.

ஆதாரம்

காலை பத்து மணி பெண்கள் நேரம். தையல் கடை சலீமா அக்காதான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவி. "இந்த ஒரு மணி நேரந்தான் எங்கிட்ட யாரும் டீ கேக்கறதில்ல" என்பார். ஒருநாள் முதலாளி, வாத்து இறகில் செய்த பந்துகளை அடுக்கி வைக்கும் காக் டப்பாவைத் திறந்தார். எல்லாமே இறகு முறிந்து கிடந்தன. "லேடீஸ் ஆடினாலே இப்படித்தான். மாசக் கடைசியோட அந்த டைம ஜென்ட்ஸுக்குக் குடுத்துடு" என்றார். மாலையில் ஆண்களும் இதே டப்பாவில்தான் எடுக்கிறார்கள், பெண்கள்தான் உடைத்தார்கள் என்பதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டேன்.

"இதுக்கெல்லாமா ஆதாரம் கேப்பாங்க? நல்லா படிக்க வெச்சாங்கம்மா உன்ன!"

இட்லி குண்டான்

நம் ஊர் வெயிலில் இறகு காய்ந்து, பட்டதும் முறிகிறது. முந்தின நாளே டப்பாவின் இரண்டு மூடியையும் திறந்து ஆவியில் கொஞ்சம் காட்டிவிட்டு, மூடி வைத்தால் இறகுக்கு ஈரப்பதம் ஏறும், நன்றாக உழைக்கும். காக்கின் அடியிலுள்ள கார்க் மட்டும் நனையக் கூடாது. வீட்டில் ஆவிக்கு இட்லி குண்டானை விட்டால் வேறு கதி? நான் கவனிக்காதது ஒன்றுதான்: அன்று கிருத்திகை. மலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அம்மா, விரதத்தன்று அடுப்பில் வாத்து இறகைப் பார்த்து அலறிவிட்டாள். பூஜை அறையில் மயிலிறகு இருக்கலாம், அடுப்பில் வாத்து இறகு கூடாதா, இரண்டும் பறவைதானே என்று வாதாடினேன்.

"மயில் மேல முருகன் வர்றாரு. வாத்து மேல யாருடி வந்தாங்க?"

இரண்டு இடுப்பு

ஆவி காட்டிய காக்குகளை இரண்டாகப் பிரித்தேன். பெண்களுக்கு உரியவற்றின் கார்க்கில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு. மாலையில் ஆண்கள் ஆடுவதை ஓரமாக நின்று பார்த்தேன். அரக்கோணத்திலிருந்து வரும் ரயில்வேக்காரர் ஒருவர், காக் கீழே விழுந்தால் குனிந்து எடுப்பதே இல்லை. மட்டையால் தரையோடு ஓர் அறை. அது இறகு தேயத் தேய வலைக்கு அடியில் உருண்டு அந்தப் பக்கம் போகும். "கையால எடுத்து, கலைஞ்ச இறகை விரலால நீவி விட்டா இன்னொரு கேம் தாங்கும் அண்ணா" என்றேன். குனிந்தால் இடுப்பு பிடிக்கிறதாம். எகிறி ஸ்மாஷ் அடிக்கும்போது பிடிக்கவில்லையா என்று கேட்டேன்.

"அது ஆடுற இடுப்பும்மா. இது குனியற இடுப்பு."

தீர்ப்பு

மாதக் கடைசியில் இரண்டு வகையையும் முதலாளி மேசையில் கொட்டினேன். பொட்டு வைத்தவை இறகோடு இருந்தன. மற்றவை மலையில் மொட்டை போட்டுவந்த கோலம். ஒரே டப்பா, ஒரே ஆவி, ஆடியவர்கள் மட்டும் வேறு என்று எடுத்துச் சொன்னேன். புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "ஆங், சரிதான். லேடீஸ் மெதுவா தட்டிகினு இருக்கறாங்க, அதான் உடையல. டைம் அவங்களுக்கே இருக்கட்டும். ஆனா மெதுவா தட்டறவங்களுக்கு எறகு எதுக்கு? பிளாஸ்டிக் குடு போதும்" என்றார். நான் வாயைத் திறந்தேன். கூட வந்திருந்த சலீமா அக்கா என் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தார்.

"பிளாஸ்டிக்கோ என்னவோ, டைம் நமக்குத்தான்னு சொல்லிட்டாரில்ல? நீ பேசிகினே இருந்தா அந்தாளு மறுபடியும் யோசிப்பாரு, வா பாப்பா."

காக் உடைந்தால் பெண்கள் முரடு, உடையாவிட்டால் பெண்கள் மந்தம் என்பதுதான் இந்தத் தொழிலில் இதுவரை எனக்கு விளங்கிய ஒரே ஆட்ட விதி.